இரண்டாம் நாள் கட்டி

வலது தொடையின் பின்பக்கம், முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, எனக்கு ஒரு கட்டி இருந்தது. ஏழெட்டு வருஷமாகவே இருந்தது. முதலில் சுண்டைக்காய், அப்புறம் நெல்லிக்காய், கடைசியில் நல்ல எலுமிச்சம்பழ அளவு. வலி கிடையாது. விரலால் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு ஓடும். நாள் முழுக்க உட்கார்ந்து கோடு எழுதுகிற ஆளுக்கு நாற்காலியின் விளிம்பு சரியாக அந்த இடத்தில்தான் வந்து படும். அதைத் தவிர ஒரு தொந்தரவும் இல்லை. அதனாலேயே தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

தள்ளிப் போட்டதற்கு இன்னொரு காரணம் அம்மா. "கட்டியில கத்தி படக்கூடாதுடா. பட்டா பரவிடும்." இதை நம்மூரில் கேட்காதவர்கள் இருக்க முடியாது. அம்மாவுக்கு ஆதாரமும் கையில் இருந்தது. எங்கள் அப்பத்தாவுக்கு முழங்காலுக்குக் கீழே விளாம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. சின்ன வயதில் நானும் என் தங்கையும் அதை உருட்டி விளையாடியிருக்கிறோம். அப்பத்தா அதைக் கடைசிவரை யாரையும் தொட விடவில்லை, எண்பது தாண்டி வேறு ஏதோ காரணத்தில் போய்ச் சேர்ந்தார். "பாத்தியா, அவங்க கத்தி வைக்கல, நல்லாத்தானே இருந்தாங்க?"

இந்த வருஷம்தான் ஒருவழியாக டாக்டரிடம் போனேன். அழுத்திப் பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். "கொழுப்புக்கட்டி மாதிரிதான் தெரியுது. ஆனா 5 சென்டிமீட்டரைத் தாண்டிருச்சு. எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பிடுவோம்" என்றார். அந்த ‘மாதிரிதான்’ என்ற சொல் பத்து நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

ஆபரேஷன் அரை மணி நேரம் சொச்சம். குப்புறப் படுக்க வைத்து, கட்டியைச் சுற்றி நாலைந்து இடத்தில் மரப்பு ஊசி. அந்த ஊசி குத்தியதுதான் மொத்த வலியும். அதற்கப்புறம் யாரோ என் தொடையைப் பிடித்து இழுப்பதும் தள்ளுவதும் தெரிந்தது, ஆனால் வலி என்று சொல்ல ஒன்றுமில்லை. டாக்டரும் நர்ஸும் மேம்பாலம் கட்டுகிற இடத்து டிராஃபிக் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இடையில் புகுந்து எந்தப் பக்கம் போனால் சீக்கிரம் போகலாம் என்று வழி சொன்னேன். தொடையைத் திறந்து வைத்துக்கொண்டு வழி சொல்லியிருக்கிறேன்! அன்று ராத்திரி தையல் விண்விண்ணென்று தெறிக்கும்போதுதான் இது எவ்வளவு விசித்திரம் என்று உறைத்தது. இந்த ஊசி இல்லாத காலத்தில் இதே கட்டியை எப்படி எடுத்திருப்பார்கள்? படுத்தபடியே தேட ஆரம்பித்தேன். மூன்று வாரம் ஓடிவிட்டது. அந்தக் குறிப்புகள்தான் இது.

முதலில் பெயர். ‘லிப்போமா’ என்று இன்று எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் எழுதுகிறார்கள். கிரேக்கத்தில் ‘லிப்போஸ்’ என்றால் கொழுப்பு. ஆனால் சொல்லை உண்டாக்கியது கிரேக்கர்கள் இல்லை, 1709இல் அலெக்சிஸ் லித்ரே என்ற பிரெஞ்சு மருத்துவர். தமிழில் நமக்கு ‘கழலை’ என்று அழகான பழைய சொல் இருக்கிறது. இப்போது அகராதியிலும் சித்த வைத்தியப் புத்தகங்களிலும்தான் பார்க்க முடிகிறது. பேச்சில் எல்லாமே ‘கட்டி’. சீழ்க்கட்டியும் கட்டி, புற்றும் கட்டி, இந்த அப்பாவிக் கொழுப்பும் கட்டி. அம்மாவின் பயத்தில் பாதி இந்த ஒற்றைச் சொல்லில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பிரித்துப் பார்த்தவர்கள் முன்பே இருந்திருக்கிறார்கள். சுசுருத சம்ஹிதையின் நிதான ஸ்தானம் 11ஆம் அத்தியாயம் முழுக்க இந்த மாதிரிக் கட்டிகள்தான். வாதம், பித்தம், கபம் என்று வழக்கமான பிரிவுகளோடு ‘மேதஸ்’, அதாவது கொழுப்பால் வருகிற கட்டி என்று தனியாக ஒன்றைச் சொல்கிறது. வழவழப்பாக இருக்கும், பெரிதாக வளரும், வலி குறைவு. என் தொடையைப் பார்த்து எழுதியது போலவே இருந்தது. ஆனால் உடம்பு பெருத்தால் அதுவும் பெருக்கும், உடம்பு இளைத்தால் அதுவும் இளைக்கும் என்கிறது. அது சரியில்லை. ஆள் பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாக ஆனாலும் கொழுப்புக்கட்டி தன் கொழுப்பை விட்டுக் கொடுக்காது என்பதுதான் இன்றைக்குத் தெரிந்தது. உடைந்தால் நெய் போல வெளியே வரும் என்றும் எழுதியிருப்பதைப் பார்த்தால், தோலடி மெழுகுக் கட்டிகளையும் இதையும் அவர்கள் ஒன்றாகவே வைத்திருந்தார்கள் போல.

வைத்தியம் சிகிச்சா ஸ்தானம் 18ஆம் அத்தியாயத்தில் வருகிறது. கீறி, கொழுப்பை எடுத்து, அந்த இடத்தைச் சுட வேண்டும். அதே அத்தியாயத்தில் அர்புதம் என்கிற பெரிய கட்டிகளைப் பற்றிச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை இருக்கிறது: கொஞ்சம் மிச்சம் வைத்தாலும் திரும்ப வரும், அணையாமல் விட்ட நெருப்பு மாதிரி. அம்மாவின் ‘பரவிடும்’ எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தவனுக்கு இந்த வரி தூக்கிவாரிப் போட்டது. மிச்சம் வைத்தால் ஆபத்து என்கிறது நூல். காலப்போக்கில் அது தொட்டாலே ஆபத்து என்று சுருங்கியிருக்குமோ? இது வெறும் ஊகம்தான்.

வலிக்கு என்ன செய்தார்கள்? அறுப்பதற்கு முன் சாப்பாடு போடு, குடிக்கிற பழக்கம் உள்ளவனுக்கு மது கொடு, அப்போதுதான் மயங்கி விழாமல் இருப்பான், கத்தியும் தெரியாது என்கிறது சுசுருதம். அவ்வளவுதான்.

ரோமில் கி.பி. முதல் நூற்றாண்டில் செல்சஸ் எழுதிய மருத்துவ நூலின் ஏழாவது புத்தகம் அறுவை பற்றியது. அதில் தலையில் வரும் சின்னக் கட்டிகளை எடுக்கிற முறையைப் படித்தால் இன்றைய சர்ஜன்கூடத் தலையாட்டுவார். தோலை மட்டும் கீற வேண்டும், உள்ளே இருக்கும் உறையைக் கிழிக்கக் கூடாது, பிறகு கத்தியின் கைப்பிடியால் நெம்பி உறையோடு வெளியே எடுக்க வேண்டும். கொழுப்புக்கட்டிக்கும் இதே சூட்சுமம்தான். மெல்லிய உறைக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும், சுற்றியுள்ள தசையோடு ஒட்டாது. சரியான அடுக்கைக் கண்டுபிடித்துவிட்டால் விரலை விட்டே உருட்டி எடுத்துவிடலாம். ஒழுங்காக எழுதிய மாடியூல் மாதிரி: வெளியே எடுத்தால் வேறு எதுவும் உடையாது. (இப்படி ஒன்றை நான் ஆபீஸில் பார்த்து ரொம்ப நாளாச்சு.)

அதே செல்சஸ் சர்ஜன் எப்படி இருக்க வேண்டும் என்றும் எழுதினார். இளைஞனாக இருக்க வேண்டும், கை நடுங்கக் கூடாது. நோயாளியைக் குணப்படுத்தும் அளவுக்கு இரக்கம் வேண்டும். ஆனால் அவன் அலறலைக் கேட்டு அவசரப்படவோ, வெட்ட வேண்டியதைக் குறைத்து வெட்டவோ கூடாது. ஒரு தொழிலுக்கான தகுதிப் பட்டியலில் அலறலைத் தாங்குவதும் ஒரு தகுதி. இந்தத் தகுதி அடுத்த 1800 வருஷத்துக்கு மாறவே இல்லை.

காலில் அறுவை என்றால் ரோமில் இன்னொரு கதை உண்டு. புளூட்டார்க் சொல்வது. மாரியஸ் பெரிய தளபதி, ஏழு முறை கான்சல். இரண்டு காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டு பார்க்க அசிங்கமாக இருந்ததாம். அந்தக் காலத்தில் ஆளைக் கட்டிப் போட்டுத்தான் அறுப்பார்கள். மாரியஸ் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு காலை நீட்டி, முகம் சுளிக்காமல் அறுத்து முடிக்க விட்டார். வைத்தியர் அடுத்த காலுக்கு வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார். கிடைக்கிற பலன் இந்த வலிக்குப் பெறாது என்பது அவர் கணக்கு. வீரத்துக்கு உதாரணமாகத்தான் இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கு இரண்டாவது கால்தான் முக்கியமாகப் படுகிறது. ரோமாபுரியின் மகா வீரனே ‘ஒண்ணு போதும்பா’ என்று எழுந்து போன இடம் அது. என் அப்பத்தா முதல் காலையே நீட்டவில்லை என்றால் அது கோழைத்தனமா?

மன்னர்களும் தப்பவில்லை. இங்கிலாந்தின் நான்காம் ஜார்ஜ் மன்னருக்கு உச்சந்தலையில் ஒரு மெழுகுக் கட்டி. 1821இல் லண்டனின் புகழ்பெற்ற சர்ஜன் ஆஸ்ட்லி கூப்பர் அதை எடுத்தார். கூப்பர் சாதாரண ஆள் இல்லை. 37 ராத்தலுக்கு மேல், அதாவது சுமார் 17 கிலோ எடையுள்ள கொழுப்புக்கட்டி ஒன்றை ஒருவரின் வயிற்றுப் பகுதியிலிருந்து எடுத்து, ஆள் பிழைத்ததைப் பதிவு செய்தவர். அப்படிப்பட்டவர் மன்னரின் இந்தச் சின்னக் கட்டியைத் தொடப் பயந்தார். அவர் பயந்தது வலிக்கு இல்லை, அக்கிக்கு. காயம் சிவந்து, தோல் முழுக்கப் பரவி, சில நாளில் ஆளைக் கொண்டுபோகிற ‘எரிசிபெலாஸ்’ அப்போது சர்வ சாதாரணம். மன்னருக்கு அது வந்தால் கூப்பரின் கதை முடிந்தது. வரவில்லை. அதே வருஷம் அவருக்கு ‘பேரனெட்’ பட்டம் கிடைத்தது. அறுத்து முடித்ததும் மன்னர் இந்தக் கட்டிக்கு என்ன பெயர் என்று கேட்டாராம். ‘ஸ்டீயட்டோம்’ என்றார் கூப்பர். அப்படியானால் அது ‘ஸ்டே அட் ஹோம்’ ஆகவே இருக்கட்டும், இனி வெளியே வந்து தொந்தரவு செய்ய வேண்டாம் என்றாராம் மன்னர். மயக்க மருந்து இல்லாமல் மண்டையைக் கீறிய கையோடு சிலேடை!

அதாவது ‘கத்தி பட்டால் பரவும்’ என்பது அந்தக் காலத்தில் மூடநம்பிக்கை இல்லை. நிஜமாகவே பரவியது. கட்டி பரவவில்லை, சீழ் பரவியது. கொல்லாத கட்டியை எடுக்கப்போய்ச் செத்தவர்களைப் பார்த்த ஊர், வேறு எப்படிப் பேசும்?

எடுக்காமல் விட்டால் எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு ஓவியமே இருக்கிறது. 1835இல் சீனாவின் கான்டன் நகரில் பீட்டர் பார்க்கர் என்ற அமெரிக்க மிஷனரி டாக்டர் ஓர் ஆஸ்பத்திரி திறந்தார். கண் ஆஸ்பத்திரி என்றுதான் பெயர். ஆனால் கழுத்தில், மார்பில், முகத்தில் பூசணிக்காய் போலக் கட்டி தொங்கியவர்கள் வந்து குவிந்தார்கள். லாம் குவா என்ற உள்ளூர் ஓவியர் அவர்களை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து கொடுத்தார். நிறைய படங்கள் இன்று யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. பார்க்கத் தைரியம் வேண்டும். ஆனால் அந்த முகங்களில் அமைதி இருக்கிறது, ஃபோட்டோ ஸ்டூடியோவில் உட்கார்ந்திருப்பது போல. 1847வரை பார்க்கரிடம் மயக்க மருந்து கிடையாது.

இனி பாஸ்டன். நான் மூன்று வாரம் செலவழித்ததில் பாதி இங்கேதான் போனது.

1846 அக்டோபர் 16. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை. இது எல்லாரும் கேள்விப்பட்ட நாள். வில்லியம் மார்ட்டன் என்ற 27 வயதுப் பல் டாக்டர், கண்ணாடி உருண்டைக்குள் ஸ்பாஞ்சில் ஈதரை நனைத்து, கில்பர்ட் அபட் என்ற இளைஞரை மூச்சிழுக்க வைத்தார். 68 வயது மூத்த சர்ஜன் ஜான் வாரன் கழுத்துக் கட்டியில் கத்தி வைத்தார். அபட் அலறவில்லை. இது ஏமாற்று இல்லை என்று வாரன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னதாகக் கதை. பெரிய ஓவியம் வரைந்தார்கள், அந்த அறைக்கே ‘ஈதர் டோம்’ என்று பெயர்.

ஆனால் உண்மையில் அன்று நடந்தது அரைகுறை வெற்றி. அபட்டின் கட்டி ரத்தக் குழாய்கள் பின்னிய பிறவிக் கட்டி. வாரன் அதை அகற்றவே இல்லை. சில ரத்தக் குழாய்களைக் கட்டிப் போட்டார், அவ்வளவுதான். கட்டியோடுதான் அபட் ஆஸ்பத்திரியை விட்டுப் போனார். மயக்கமும் முழுசாக இல்லை. நடுவில் முனகினார், கை கால் அசைத்தார். மண்வெட்டியால் தோலைச் சுரண்டுகிற மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னார். இதற்குக் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் முன்புதான், 1845 ஜனவரியில், மார்ட்டனின் பழைய கூட்டாளி ஹோரஸ் வெல்ஸ் இதே பாஸ்டனில் சிரிப்பூட்டும் வாயுவைக் காட்டப்போய், நோயாளி கத்தியதால் கேலிக்கு ஆளாகியிருந்தார். எனவே 16ஆம் தேதி சாயந்திரம் யாராவது ‘தற்செயல்’ என்று சொல்லியிருந்தால் மறுக்க முடியாது.

மறுநாள் அக்டோபர் 17. அதே ஆஸ்பத்திரி. இந்த முறை சர்ஜன் ஜார்ஜ் ஹேவர்ட். நோயாளி ஒரு பெண். மேற்கையில், தோள் தசைக்கு அருகே, நல்ல பெரிய கொழுப்புக்கட்டி. கொழுப்புக்கட்டி! என் தொடையில் இருந்த அதே சரக்கு. ஈதர் கொடுத்தார்கள். நாலைந்து நிமிஷத்தில் கட்டி வெளியே வந்துவிட்டது.

அங்கே இருந்த ஹென்றி பிகலோ என்ற இளம் சர்ஜன் இதைப் பதிவு செய்தார். ஈதரை உலகத்துக்கு அறிவித்த அவருடைய கட்டுரை நவம்பர் 18 பாஸ்டன் மருத்துவ இதழில் வந்தது. அந்தப் பெண் இடையிடையே கொஞ்சம் அமைதியின்றி அசைந்திருக்கிறாள். விழித்ததும் கேட்டிருக்கிறார்கள். வலி எதுவும் தெரியவில்லை, ஆபரேஷன் நடந்ததே தெரியாது, சுற்றி நடந்த எதுவும் தெரியாது என்றாள். அவளுக்கு இருந்த ஒரே கவலை, வீட்டில் விட்டுவிட்டு வந்த குழந்தையைப் பற்றியது.

இந்த இடத்தில் நான் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டேன். என் பெண்ணுக்கு எட்டு வயது. நான் குப்புறப் படுத்து டிராஃபிக்குக்கு வழி சொன்ன அந்த அரை மணி நேரத்தில், உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது அந்த ‘மாதிரிதான்’ இல்லை. ஸ்கூல் வேன் வரும்போது வீட்டில் யார் இருப்பார்கள் என்பதுதான்.

பிகலோ அடுத்து எழுதுவது முக்கியம். இந்தப் பெண்ணின் மயக்கம் நிஜம் என்பதில் பார்த்தவர்கள் யாருக்கும் சந்தேகம் இல்லை, இதில் கற்பனைக்குப் பங்கு இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது என்கிறார். ஏன் கற்பனை? இதற்கு விடை பாஸ்டனில் இல்லை, நம்ம நாட்டில் இருக்கிறது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற கம்பெனி டாக்டர், 1845 ஏப்ரலிலிருந்து ‘மெஸ்மெரிசம்’ மூலம் ஆட்களைத் தூங்க வைத்துப் பெரிய பெரிய கட்டிகளை எடுத்துக்கொண்டிருந்தார், யானைக்கால் நோயால் வீங்கிய விரைக் கட்டிகள் உட்பட. மணிக்கணக்காக நோயாளியின் மேல் கையை வீசி வீசித் தூங்க வைப்பது. 1846 நவம்பரில், பிகலோவின் கட்டுரை அச்சான அதே மாதம், அரசாங்கம் அவருக்குக் கல்கத்தாவில் சோதனை ஆஸ்பத்திரியே கொடுத்தது. மெஸ்மெரிசக்காரர்கள் உலகம் முழுக்கப் பேசப்பட்ட காலம். பிகலோ ‘கற்பனை இல்லை’ என்று அழுத்திச் சொன்னது அவர்களை மனதில் வைத்துத்தான் என்று எனக்குப் படுகிறது. மெஸ்மெரிசம் சிலருக்கு வேலை செய்தது, பலருக்குச் செய்யவில்லை, நேரமோ ஏராளம். ஈதர் சில நிமிஷத்தில் யாரை வேண்டுமானாலும் சாய்த்தது. 1847இலேயே ஈதர் கல்கத்தாவுக்கும் வந்துவிட்டது. எஸ்டெய்ல் 1851இல் ஊரைப் பார்க்கப் போய்விட்டார்.

17ஆம் தேதிக்கு அப்புறம் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும், எங்கள் துறை ஆட்களுக்குப் பழக்கமான சண்டை. மார்ட்டன் தன் மருந்து என்னவென்று சொல்லவில்லை. வாசனையை மறைக்க ஏதோ கலந்து, ‘லீத்தியான்’ என்று பெயர் வைத்து, காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத சரக்கை நோயாளிக்குக் கொடுக்க மாட்டோம் என்று ஆஸ்பத்திரி சர்ஜன்கள் நிறுத்திவிட்டார்கள். மூன்று வாரம். கையில் மருந்து இருந்தும் மூன்று வாரம் மக்கள் விழித்த நிலையில் அறுக்கப்பட்டிருக்கிறார்கள். நவம்பர் 7 அன்று முழங்கால் நோய் முற்றிய 21 வயதுப் பெண்ணுக்குத் தொடையில் காலை எடுக்க வேண்டியிருந்தது. மார்ட்டன் இறங்கி வந்தார், இது சல்ஃபூரிக் ஈதர்தான் என்றார். அறுத்தது அதே ஹேவர்ட். அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை. ஐந்து நாள் கழித்துக் காப்புரிமை கிடைத்தது, எண் 4848. எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிற திரவத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்? காப்புரிமையால் மார்ட்டனுக்குச் சல்லிக்காசு தேறவில்லை.

உண்மையில் யார் முதல் என்று கேட்டால், ஜார்ஜியா மாநிலத்தின் ஜெஃபர்சன் என்ற சின்ன ஊரில் கிராஃபர்ட் லாங் என்ற டாக்டர் 1842 மார்ச் 30 அன்றே ஜேம்ஸ் வெனபிள் என்பவரின் கழுத்துக் கட்டியை ஈதர் கொடுத்து எடுத்துவிட்டார். அதுவும் கட்டிதான்! ஆனால் 1849வரை எழுதி வெளியிடவில்லை. கோடு எழுதி வைத்துக்கொண்டு கமிட் பண்ணாமல் விட்ட கேஸ். இந்த ‘யார் முதல்’ பஞ்சாயத்தில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். 1842இல் கட்டி, 1846இல் முதல் நாள் கட்டி, இரண்டாம் நாள் கட்டி. கை கால் வெட்டுவதெல்லாம் பிறகுதான். காரணம் சுலபம். கட்டி உயிர் போகிற விஷயம் இல்லை, அவசரமும் இல்லை. மருந்து தோற்றால் ஆள் எழுந்து வீட்டுக்குப் போகலாம். புது ரிலீஸை முதலில் எந்த சர்வரில் போடுவோமோ, அந்த இடம்.

தமிழுக்கும் இதில் ஒரு இழை உண்டு. ஈதர் பிறந்த அதே மாசசூசெட்ஸில் பிறந்த சாமுவேல் கிரீன் என்ற டாக்டர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக் கொடுத்தார். டிரூயிட் எழுதிய ஆங்கில அறுவை நூலை ‘இரண வைத்தியம்’ என்று 1867இல் தமிழில் கொண்டுவந்தார். நான் 21ஆம் நூற்றாண்டில் ‘லோக்கல் அனஸ்தீசியா’, ‘பயாப்ஸி’ என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் அன்றைக்கே கலைச்சொல்லுக்காக மண்டையை உடைத்துக்கொண்டார்.

ஈதர் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. நோயாளி அசையாமல் கிடந்ததால் சர்ஜன்களுக்கு அறுக்கும் துணிச்சல்தான் கூடியது. கை கழுவாமல், பழைய ரத்தக் கோட்டோடு. கூப்பர் பயந்த அக்கி அப்படியே இருந்தது. 1865 ஆகஸ்டில் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர், வண்டி ஏறிக் கால் எலும்பு உடைந்து வெளியே தெரிந்த 11 வயதுப் பையனின் காயத்தில் கார்பாலிக் அமிலம் நனைத்த துணியைக் கட்டினார். காயம் சீழ் வைக்கவில்லை, காலும் பிழைத்தது. அதற்கப்புறம்தான், அதுவும் மெதுவாக, ‘கத்தி பட்டால் பரவும்’ என்பது பொய்யாக ஆரம்பித்தது.

எனக்குப் போட்ட ஊசி தனி வழியில் வந்தது. 1884இல் வியன்னாவின் கார்ல் கோலர், கொக்கெயின் கரைசலைக் கண்ணில் விட்டால் கண் மரத்துப்போகிறது என்று காட்டினார். ஹைடல்பெர்க் மாநாட்டுக்குப் போக அவரிடம் பணமில்லை, நண்பர்தான் கட்டுரையைப் படித்தார். கார்ல் ஷ்லைக் கொக்கெயினை ரொம்ப நீர்க்கக் கரைத்துத் தோலுக்கடியில் பரவலாக ஊசி போட்டார். 1892 பெர்லின் மாநாட்டில், இது போதுமான இடத்தில் முழு மயக்கம் கொடுப்பது தவறு என்று சொன்னார். அவை கொதித்துப்போக, எழுந்து வெளியே நடந்தார். இன்று நாலு மூலையில் குத்தி மரக்க வைப்பது அவர் வழிதான். கொக்கெயினின் விஷமும் அடிமைப்படுத்தும் குணமும் இல்லாத மருந்து தேடி, 1905இல் நோவோகெயின் வந்தது.

கடைசியில் ஸ்டாக்ஹோம். 1930களில் பார்லிச் செடியைப் பற்றிய ஆராய்ச்சியின்போது ஹோல்கர் எர்ட்மன் என்ற வேதியியலாளர், ஆய்வகத்தில் செய்த ஒரு பொருளை நாக்கில் வைத்துப் பார்த்தார், நாக்கு மரத்தது. (அந்தக் காலத்தில் புதுப் பொருளை ருசி பார்ப்பது வழக்கம். சோதனைக் குழு என்று தனியாக வேண்டாம்.) அந்த நூலைப் பிடித்துப் போய் நில்ஸ் லோஃப்க்ரென் 1943இல் லிடோகெயினைச் செய்தார். மாணவர் பெங்ட் லுண்ட்க்விஸ்ட் அதைத் தன் உடம்பிலேயே குத்திச் சோதித்தார். 1948இல் சைலோகெயின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நம்மூர் டாக்டர்கள் லிக்னோகெயின் என்பார்கள். டிஸ்சார்ஜ் பில்லில் தேடிப் பார்த்தேன். நான் கட்டின மொத்தத் தொகையில் மிகச் சின்ன வரிகளில் அதுவும் ஒன்று.

பயாப்ஸி ரிப்போர்ட் எட்டாவது நாள் வந்தது. லிப்போமா, புற்று அறிகுறி இல்லை. ‘மாதிரிதான்’ போயே போச்சு. அம்மாவுக்கு ஃபோன் பண்ணினேன். ரிப்போர்ட்டைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் நர்ஸ் எடுத்துக் கொடுத்த ஃபோட்டோவைக் கேட்டார், அனுப்பினேன். டப்பாவுக்குள் மஞ்சளாக, வழவழவென்று, பெரிய பலாச்சுளை மாதிரி கிடக்கும்.

"இதுதானா?" என்றார்.

"இதுதாம்மா."

"அப்பத்தாவோடது இதைவிடப் பெரிசுடா. ராத்திரி ஒரு பக்கம் திரும்பிப் படுக்க முடியாது, தலகாணி வச்சுப்பாங்க. உங்ககிட்ட எல்லாம் சொன்னதில்ல."

தையல் பிரிக்க அடுத்த புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.